வண்டியை விட்டு இறங்கச் சொன்ன டிரைவர்



“கிள்ளான் நோக்கிச் செல்லும் பெடரல் நெடுஞ்சாலையில் வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன. பொறுமையாக ஓட்டுங்கள்.” வாரத்தில் ஐந்து நாள் காலையில் வானொலியில் நான் சொல்லும் வரி இது. ஏர்கோன் அறையில், கையில் சூடான தே ஓ-வோடு உட்கார்ந்துகொண்டு, நெரிசலில் மாட்டிக் கிடப்பவர்களுக்குப் பொறுமையைப் போதிப்பது சுலபமான வேலை.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி அந்த நெரிசலில் நானே மாட்டினேன். இடம் பெடரல் நெடுஞ்சாலை இல்லை, இமயமலை. நாற்பது கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கப் பதினோரு மணி நேரம் ஆனது. தூரம் என்று பார்த்தால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போய்ச் சேருவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தப் பதினோரு மணி நேரத்தில் பொறுமையை முதலில் இழந்தது யார் தெரியுமா? தினமும் பொறுமை சொல்லும் இந்தக் குரல்தான்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறுபடி பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் போடும் காலம் வந்துவிட்டது. “கொரியா போகலாமா, ஹொக்கைடோ போகலாமா, மணாலியில் பனி கிடைக்குமா?” என்று நேயர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சினிமாவில் பார்த்த பனி

நாங்கள் மொத்தம் பதினாறு பேர். கிள்ளானிலிருந்து இரண்டு குடும்பம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து ஒரு தம்பதி, கோலாலம்பூரில் வேலை செய்யும் இளைஞர்கள் நால்வர், அப்புறம் நான். எல்லாருக்கும் மூத்தவர் அறுபத்தெட்டு வயது கிள்ளான் ஆன்ட்டி. ‘ரோஜா’ படத்தை 1992-இல் வீடியோ கேசட்டில் பார்த்த நாளிலிருந்து பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாம் அவருக்கு. அந்தப் படத்தில் நாம் காஷ்மீர் என்று நம்பிப் பார்த்த பனிக் காட்சிகளில் பல, காஷ்மீர் நிலவரம் சரியில்லாததால் மணாலி பக்கம் எடுக்கப்பட்டவை. ஆக, ஆன்ட்டி சரியான ஊருக்குத்தான் வந்திருந்தார்.

டில்லியில் இறங்கி, சண்டிகர் வழியாகச் சிம்லா. ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நம் ஊரில் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகிற தூரம்தான், ஆனால் மலை ஏற ஆரம்பித்ததும் நேரக் கணக்கு மாறிவிடும். சிம்லாவிலிருந்து மணாலிக்கு இன்னும் 250 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல். இந்தத் தூரம் முழுக்க எங்களை ஏற்றிச் சென்றது, அங்கே டெம்போ டிராவலர் என்று சொல்லும் நீளமான வேன். ஓட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஹிமாச்சல்காரர். அதிகம் பேசமாட்டார். எங்கள் டூர் லீடருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், எனக்கு அதைவிடக் கொஞ்சம். எல்லாரும் அவரை “பையா” என்று கூப்பிட்டோம். கிள்ளான் ஆன்ட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே “தம்பி” என்று தமிழிலேயே பேசினார். அவரும் அதற்குச் சரியாகவே தலையாட்டினார்.

“இன்னும் பத்து நிமிஷம்”

மணாலியில் நாங்கள் இருந்தபோது ஊருக்குள் பனி பெரிதாக இல்லை. பனி வேண்டுமென்றால் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி, சிசு என்ற ஊருக்குப் போக வேண்டும் என்றார்கள்.

அந்தச் சுரங்கப்பாதையைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். மணாலிக்கு வடக்கே ரோத்தாங் கணவாய் இருக்கிறது. உயரம் 3,978 மீட்டர். நம் கினபாலு மலை உச்சியே 4,095 மீட்டர்தான். அந்த உயரத்தில் ஒரு சாலை போகிறது என்று நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் கணவாய் மூடிவிடும். அந்தப் பக்கம் லாஹவுல் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு முன்பெல்லாம் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் சாலை இருக்காது. அவசரத்துக்கு ஹெலிகாப்டர்தான். அவர்களுக்காகவும், எல்லைக்குப் போகும் ராணுவ வண்டிகளுக்காகவும் மலையின் அடியில் 9 கிலோமீட்டர் குடைந்து, 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்த பாதைதான் இது. வாயிலே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு நோயாளி மருத்துவமனைக்குப் போவதற்காகப் போட்ட சாலையில் நாங்கள் செல்ஃபி எடுக்கப் போனோம்.

காலையில் வெயில் அடித்தது. சுரங்கத்துக்குள் நுழைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபுறம் வெளியே வந்தால், உலகமே வெள்ளை. பிள்ளைகள் கத்திய கத்தலை எழுத்தில் கொண்டுவர முடியாது. கிள்ளான் ஆன்ட்டி கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி பனியை அள்ளி முகர்ந்து பார்த்தார். “வாசனையே இல்லையே,” என்றார்.

மதியம் ஒரு மணிக்கு டிரைவர் வந்து மலை உச்சியைக் காட்டினார். மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கிளம்ப வேண்டும் என்றார். டூர் லீடரும் கூப்பிட்டார். பெரியவர்கள் வண்டிப் பக்கம் நடந்தார்கள். அப்போது, “பையா, இன்னும் பத்து நிமிஷம்” என்று சொன்னது நான். நிகழ்ச்சிக்கு ஒரு சின்ன காணொளி எடுக்க வேண்டியிருந்தது. நான் எடுப்பதைப் பார்த்து இளைஞர்களும் எடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பசி வந்து, சாலையோரக் கடையில் மேகி மீ சொன்னோம். பத்து நிமிஷம் ஒன்றேகால் மணி நேரமானது. இரண்டேகாலுக்குத்தான் வண்டி நகர்ந்தது.

சுரங்கத்தின் இந்தப் பக்கம்

சுரங்கத்தை விட்டு மணாலி பக்கம் வெளியே வந்தபோது காலையில் பார்த்த சாலை இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் போன கார் பிரேக் பிடித்தது. சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ஓரச் சுவரில் லேசாக முட்டி நின்றது. பகலில் உருகிய பனி மறுபடி உறைந்து, தார் மேல் கண்ணாடி மாதிரி படிந்துவிடுமாம். பார்த்தால் ஈரச் சாலை மாதிரிதான் தெரியும். நம் ஊர் மழையில் ஓட்டிப் பழகியவர்கள் அதை ஈரம் என்றே நினைப்போம்.

அதன் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. அன்று சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையில் சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. போலீசார் இரவோடு இரவாகச் சுமார் எழுநூறு சுற்றுப்பயணிகளை மீட்டார்கள் என்று பிறகு செய்திகளில் படித்தேன். நான்கு நாள் கழித்து, 27-ஆம் தேதி, சோலாங்கிலேயே மறுபடி ஆயிரம் வண்டிகள், ஐயாயிரம் பேர். எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், முன்னால் சிவப்பு விளக்குகள், பின்னால் வெள்ளை விளக்குகள், நடுவில் நாங்கள்.

ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசி. அப்போது ஸ்ரீ மூடா தம்பதி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார்கள். தண்ணீர், பிஸ்கட், பேரீச்சம்பழம், டார்ச் லைட், பவர் பேங்க், கெட்டித் துண்டு இரண்டு. “இது என்னக்கா, கடையே வைக்கலாம் போல?” என்று கேட்டேன். “2021 வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பை இல்லாம நாங்க வீட்ட விட்டு எறங்குறதில்ல தம்பி,” என்றார் அந்த அக்கா. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதும், கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலைகளில் பலர் கார்களிலேயே இரவைக் கழித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான் வானொலியில் செய்தி வாசித்தேன். அவர்கள் அதிலிருந்து ஒரு பையைக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பைதான் பதினாறு பேருக்கும் இரவு உணவு.

டீசல் காசு

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வண்டி நின்றதும் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஹீட்டரும் நின்றது. ஐந்து நிமிடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. முக்கால் மணி நேரம் கழித்து இறங்கிப் பின்பக்கம் போய் என்னவோ செய்துவிட்டு வந்தார். எஞ்சினைப் போட்டார். பத்து நிமிடம் சூடு. மறுபடி அணைத்துவிட்டார். அவர் பக்கத்துக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கியே வைத்திருந்தார். வெளியே பனி, இவர் கண்ணாடியைத் திறந்து வைக்கிறார், ஹீட்டரையும் போட மறுக்கிறார். பக்கத்து வண்டிகளில் எல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் சூடாக இருந்தார்கள்.

இரவு எட்டு மணி வாக்கில் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில், எல்லார் முன்னாலும் சொன்னேன்: “டீசல் கா பைசா ஹம் தேங்கே, பையா.” டீசல் காசை நாங்கள் தருகிறோம். அதாவது, காசுக்காகத்தானே எங்களைக் குளிரில் போடுகிறாய் என்று. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினைப் போட்டார். அரை மணி நேரம் ஓடியது. எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கும் ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

கடைசி சீட்டில் இருந்த ஒன்பது வயதுப் பையன் தலை வலிக்கிறது என்றான். கண்ணைச் சொருகியது. வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றான். “உயரம்ல, அதான்” என்று அவன் அம்மா நெற்றியில் கோடாரித் தைலம் தடவினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். டூர் லீடர் பேச்சுவாக்கில் இதை டிரைவரிடம் சொன்னதுதான் தாமதம், அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், கதவைத் திறந்தார், எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார். கத்தித்தான் சொன்னார். அந்த நாலு நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

நான் எழுந்து நின்று, “சின்னப் பிள்ளைய இந்தக் குளிர்ல எறக்கணுமா? முடியாது” என்றேன். இன்னும் இரண்டு பேர் என்னோடு சேர்ந்தார்கள். அதற்குள் கிள்ளான் ஆன்ட்டி சால்வையைச் சுற்றிக்கொண்டு, பையன் கையைப் பிடித்து, எங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். இறங்கும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு பேச்சு: “தோட்டத்துல லோரிக்காரரு எறங்குன்னா எறங்குவோம்யா. ஏன்னு கேக்க மாட்டோம். அவருக்குத்தான் ரோடு தெரியும்.” காப்பார் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். மழையில் செம்மண் சாலையில் லோரி எத்தனை முறை இறங்கியிருக்கும், எத்தனை முறை சிக்கியிருக்கும்.

அவருக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினோம். டிரைவர் டார்ச்சோடு வண்டியின் பின்பக்கம் குனிந்தார். நானும் போய்ப் பார்த்தேன். பின்னால் நின்ற காரைக் கிளப்புவதற்காக யாரோ வெட்டித் தள்ளிய பனி எங்கள் வண்டியின் அடியில் குவிந்து, புகைக்குழாயின் வாயில் பாதியை அடைத்திருந்தது. அவர் முன்பு இறங்கி இறங்கிப் போனது அதைத் தோண்டி விடுவதற்குத்தான். நான் பிடிவாதம் பிடித்த அந்த அரை மணி நேரத்தில் அவர் இறங்கவில்லை. வெறும் கையால் தோண்டினார். நானும் தோண்டினேன்.

பையன் வெளிக்காற்றில் ஆன்ட்டியின் சால்வைக்குள் நின்றான். கால் மணி நேரத்தில், “பிஸ்கட் இருக்கா?” என்று கேட்டான்.

மணாலி விடுதிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது அதிகாலை ஒன்றேகால்.

வாசனையே இல்லாத ஆபத்து

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் தேடிப் படித்தேன். பாகிஸ்தானில் முர்ரீ என்று ஒரு மலை ஊர். 2022 ஜனவரி 7-ஆம் தேதி இரவு, பனி பார்க்கப் போன ஆயிரக்கணக்கான வண்டிகள் சாலையில் மாட்டின. விடிந்தபோது குறைந்தது 22 பேர் தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. குளிர் ஒரு காரணம். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடி, புகைக்குழாய் பனியில் புதைந்த வண்டிகளுக்குள் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணம் என்றார்கள் அதிகாரிகள்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். மலைப் பயணத்தில் இந்த மூன்றும் யாருக்கும் வரும். உயரம், வளைவுகள், களைப்பு என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஆபத்தே அங்குதான்.

பனி நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2020-இல் பினாங்கு மாநிலத்தில் எண்ணெய் நிலையம் ஒன்றில் காரை நிறுத்தி, எஞ்சினையும் ஏர்கோனையும் போட்டபடி தூங்கிய நான்கு இளம்பெண்களில் மூவர் எழுந்திருக்கவே இல்லை. அங்கே ஹீட்டர், இங்கே ஏர்கோன். வாயு ஒன்றுதான். பெருநாளுக்கு ஊருக்குப் போகும் வழியில், ஓய்விடத்தில் பிள்ளைகளோடு “கொஞ்ச நேரம் கண் அசரலாம்” என்று நாமெல்லாம் செய்கிற வேலைதான் அது.

போவதற்கு முன்

பனி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஐந்து விஷயங்கள்:

1. டிரைவர் “கிளம்பலாம்” என்றால் அதுதான் நேரம். பத்து நிமிஷம் கேட்காதீர்கள். பனி மலையில் இருட்டுவதற்கு முன் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும்.

2. வண்டி பனியில் மாட்டினால், முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சின் போதும். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

3. ஒருவருக்குத் தலைவலியும் தூக்கமும் வந்தால் எஞ்சினை அணைத்து, உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலமும் பனடோலும் அப்புறம்.

4. வண்டியை விட்டு இருட்டில் நடந்துபோய் உதவி தேடாதீர்கள். வண்டிதான் உங்களுக்குக் கூரை. மீட்க வருபவர்களுக்கும் வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

5. ஸ்ரீ மூடா அக்காவின் பை. தண்ணீர், பிஸ்கட், டார்ச், பவர் பேங்க், துண்டு. பத்து ரிங்கிட் பிஸ்கட் அன்று எங்களுக்கு ஹோட்டல் விருந்து.

மறுநாள் காலை டிரைவரிடம் போனேன். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டூர் லீடரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “நேற்று நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்குங்க” என்றேன். அவர் துணியை உதறிவிட்டு, மலேசியாவில் டீசல் என்ன விலை என்று கேட்டார். லிட்டர் ஏறக்குறைய மூன்று ரிங்கிட் என்றேன். மனதுக்குள் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“சஸ்தா ஹை,” என்றார். மலிவுதான்.

அவ்வளவுதான் பேசினார். பிறகு கிள்ளான் ஆன்ட்டியின் பெட்டியைத் தூக்கி மேலே கட்டப் போய்விட்டார்.

இந்த வாரம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பயணத்தில் இப்படி ஒரு டிரைவர், படகோட்டி, மலை வழிகாட்டி இருந்திருப்பார். அவர் சொன்னதைக் கேட்டதால் தப்பித்த கதையோ, கேட்காமல் பட்ட கதையோ இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை, பொறுமையாக ஓட்டுங்கள்.